கையடக்கத் தொலைபேசிக் கட்டணத்தையும் தராசில் ஏற்றுவோம்

ஒரு மூடை சீனி கொள்வனவு செய்யும்போது நமது வியாபாரிகள் என்ன செய்வார்கள்? மூடையின் விலையைக் கேட்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்பார்கள். லொறிக் கூலியைச் சேர்ப்பார்கள். கிலோ ஒன்று கடை வாசலுக்கு வந்து சேரும்போது என்ன விலையாகின்றது என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார்கள். கிலோவுக்கு ஐம்பது சதம் குறைவாகக் கிடைக்கின்றதென்றால் புறக்கோட்டையில் நான்கு கடை ஏறி இறங்கவும் தயங்க மாட்டார்கள்.

இதே வியாபாரி தனது கையடக்கத் தொலைபேசிக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கின்றார் என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டாயிரம், ரெண்டாயிரத்தைந்நூறு போகும்" என்பார். எத்தனை நிமிடம் பேசினீர்கள், எத்தனை ஜிபி பாவித்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. சீனிக்குத் தராசு பிடிப்பவர் தொலைபேசிக்குத் தராசு பிடிப்பதில்லை.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வதை அல்குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கின்றது. விற்கும்போது சரியாக நிறுத்துக் கொடுப்பது நமது கடமை. வாங்கும்போது என்ன வாங்குகின்றோம் என்று தெரிந்து வாங்குவதும் நமது பொறுப்பே. வீண்விரயத்தைப் பற்றி மார்க்கம் செய்யும் எச்சரிக்கை சாப்பாட்டுத் தட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. ஆகவே இவ்வாரம் தொலைபேசி பெக்கேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைப் படிப்படியாகக் கற்றுக்கொள்வோம். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் போதுமானது.

ஐந்து கொம்பனிகள் மூன்றாகிய கதை

முதலில் சந்தையை அறிந்து கொள்ள வேண்டும். நமது நாட்டில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் செல்டெல் நிறுவனத்துடன் ஆரம்பமாகியது. 1993இல் மொபிடெல் வந்தது. 1995இல் டயலொக் வந்தது. ஹட்ச் நிறுவனமும் களத்தில் இறங்கியது. 2009இல் எயார்டெல் ஐந்தாவதாகச் சேர்ந்து கொண்டது. அவ்வேளையில் ஏற்பட்ட விலைப்போட்டி எவ்வளவு கடுமையானதென்றால், 2010இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தலையிட்டு, இதற்குக் கீழே கட்டணத்தைக் குறைக்கக் கூடாது என்று அடிமட்ட விலையொன்றை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று.

செல்டெல் பின்னர் டிகோ ஆகி, 2010இல் எடிசலாட் ஆகி, 2018இல் ஹட்ச் நிறுவனத்துடன் இணைந்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் எயார்டெல் லங்கா டயலொக் வசமானது. ஐந்து கொம்பனிகள் இருந்த இடத்தில் டயலொக், எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச் ஆகிய மூன்று எஞ்சின.

ஐந்து மொத்தக் கடைகள் இருந்த வீதியில் மூன்று கடைகள் மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. விலை தானாக இறங்கி வரும் என்று காத்திருக்க முடியாது. போதாக்குறைக்கு, 2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் கையடக்கத் தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதத்தால் உயர்த்தப்பட்டன. 2022 மே மாதம் வரை 8 சதவீதமாக இருந்த வற் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதத்துக்கு வந்தது. இவற்றை நம்மால் மாற்ற முடியாது. எந்தப் பெக்கேஜை எடுப்பது என்பது மட்டும் நமது கையில் இருக்கின்றது.

முதலாம் படி: உங்கள் பாவனையை எழுதுங்கள்

பெக்கேஜ் விளம்பரத்தை வாசிப்பதற்கு முன்பு உங்களுடைய சொந்தப் பாவனையை அறிந்து கொள்ளுங்கள். கொள்வனவுப் பட்டியல் இல்லாமல் சந்தைக்குப் போகக் கூடாது.

பிற்கொடுப்பனவு இணைப்பு, அதாவது போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவர்கள் கடைசி மூன்று மாத பில்களை எடுத்து வையுங்கள். முற்கொடுப்பனவு, அதாவது ரீலோட் போடுபவர்கள் கொம்பனியின் அப் மூலமாகப் பாவனை விபரத்தைப் பார்க்கலாம். அதுவும் சிரமமானால் ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு ரீலோடையும் திகதியுடன் கொப்பியில் குறித்து வாருங்கள். நூறு, ஐம்பது என்று அவ்வப்போது போடும் ரீலோட்கள் மாத முடிவில் என்ன தொகையாகின்றன என்பது பலருக்கு ஆச்சரியத்தைத் தரும்.

பின்வரும் நான்கு கணக்குகள் தேவை.

1. மாதம் எத்தனை நிமிடங்கள் நீங்கள் அழைத்துப் பேசுகின்றீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளைச் சேர்க்க வேண்டாம். வரும் அழைப்புக்கும் காசு வெட்டிய காலம் போய்விட்டது.

2. அந்த நிமிடங்களில் உங்கள் வலையமைப்புக்குள் எவ்வளவு, வேறு வலையமைப்புகளுக்கு எவ்வளவு.

3. மாதம் எத்தனை ஜிபி டேட்டா போகின்றது. அதில் கடை நேரத்தில் எவ்வளவு, இரவில் எவ்வளவு.

4. வெளிநாட்டு அழைப்புகள் உண்டா, எந்த நாட்டுக்கு.

இரண்டாவது கணக்கைச் செய்ய இலகுவான வழியொன்று உண்டு. நீங்கள் அடிக்கடி அழைக்கும் முப்பது பேரின் இலக்கங்களை எழுதுங்கள். முன்னிலக்கங்களைப் பாருங்கள். 077, 076, 074 என்பன டயலொக். 071, 070 என்பன மொபிடெல். 078, 072 என்பன ஹட்ச். 075 எயார்டெல்லுக்குரியதாக இருந்து இப்போது டயலொக் குடும்பத்தில் சேர்ந்துள்ளது. அதனை உங்கள் பெக்கேஜ் சொந்த வலையமைப்பாகக் கணக்கிடுகின்றதா என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். முப்பதில் இருபது பேர் ஒரே வலையமைப்பில் இருந்தால், உங்களுக்கு எந்தக் கொம்பனி மலிவாக அமையலாம் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

இரண்டாம் படி: விளம்பரத் தொகையை உண்மைத் தொகையாக மாற்றுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையும் உங்கள் பையிலிருந்து போகும் தொகையும் ஒன்றல்ல. மூன்று இடங்களில் வேறுபாடு வருகின்றது.

முதலாவது, நாட்கணக்கு. மாதப் பெக்கேஜ் என்று சொல்லப்படுபவற்றில் சில 30 நாட்களுக்கும் சில 28 நாட்களுக்கும் செல்லுபடியாகும். இரண்டு நாள்தானே என்று விடக் கூடாது. 28 நாள் பெக்கேஜை வருடத்தில் 12 தடவை அல்ல, 13 தடவை போட வேண்டும். 28 நாளுக்கு 1,000 ரூபா என்றால் நாளொன்றுக்கு 35 ரூபா 71 சதம். 30 நாளுக்கு 1,050 ரூபா என்றால் நாளொன்றுக்கு சரியாக 35 ரூபா. பார்வைக்கு ஐம்பது ரூபா கூடிய பெக்கேஜ்தான் உண்மையில் மலிவு. எனவே எந்தப் பெக்கேஜாக இருந்தாலும் தொகையை நாட்களால் வகுத்து நாள் விலையைக் காணுங்கள்.

இரண்டாவது, வரி. சில விலைகள் வரியுடன் சொல்லப்படுகின்றன. சில விலைகள், விசேடமாகப் பிற்கொடுப்பனவு மாத வாடகைகள், வரிக்கு முன்னைய தொகையாகச் சொல்லப்படலாம். குரல் அழைப்புக் கட்டணத்தின் மீது 18 சதவீத வற் வரியுடன், 2022 ஜூன் முதல் 15 சதவீதமாக்கப்பட்ட தொலைத்தொடர்பு அறவீடும் சேர்கின்றது. இவ்விரண்டை மாத்திரம் கூட்டினாலே 33 சதவீதம். வேறு அறவீடுகளும் உண்டு. ஆகவே 1,000 ரூபா வாடகை என்று கேட்டுச் சந்தோசப்பட்டவர் பில்லைக் கண்டு திகைப்பதில் வியப்பில்லை. கவுண்டரில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எல்லா வரியும் சேர்த்து மாதம் நான் கட்ட வேண்டியது எவ்வளவு?" அந்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இணைய டேட்டாவின் மீதிருந்த தொலைத்தொடர்பு அறவீடு 2017இல் நீக்கப்பட்டது. இதனால் டேட்டாவின் மீதான வரிச்சுமை குரல் அழைப்பைவிடக் குறைவு. வட்ஸ்அப் குரல் அழைப்பு ஒரு நிமிடத்துக்கு 1 எம்பிக்கும் குறைவாகவே எடுக்கின்றது. அதாவது 1 ஜிபியில் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் பேசலாம். வெளிநாட்டு வழங்குனர்களுடனும், நல்ல இணைய வசதியுள்ள வாடிக்கையாளர்களுடனும் பேசுவதற்கு இது பெரும் சேமிப்பு. ஆனால் வீடியோ அழைப்பு அப்படியல்ல, அது டேட்டாவை விழுங்கிவிடும்.

மூன்றாவது, பாவிக்க முடியாத சரக்கு. "40 ஜிபி" என்று விளம்பரம் சொல்லும். உள்ளே பார்த்தால் 15 ஜிபி எந்நேரமும், 25 ஜிபி நள்ளிரவுக்குப் பின்பும் என்றிருக்கும். சுபஹுக்கு எழும்ப வேண்டிய வியாபாரி நள்ளிரவில் டேட்டாவை என்ன செய்வது? சில பெக்கேஜ்களில் ஒரு பகுதி டேட்டா குறிப்பிட்ட சில அப்களுக்கு மட்டும் என்றிருக்கும். உங்களுக்குப் பயன்படாத பகுதியைக் கழித்துவிட்டு விலையை வகுங்கள். 1,200 ரூபாவுக்கு 40 ஜிபி என்றால் ஜிபி 30 ரூபா போலத் தெரியும். பாவிக்கக்கூடியது 15 ஜிபி மட்டும் என்றால் ஜிபி 80 ரூபா.

மூன்றாம் படி: இரண்டையும் தராசில் வைப்போம்

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். இதிலுள்ள விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக் கொண்டவை. எந்தக் கொம்பனியினதும் விலையல்ல. நீங்கள் செய்யும்போது அன்றைய உண்மை விலைகளைப் போட்டுக் கொள்ளுங்கள்.

ஒரு புடவைக் கடைக்காரர் மாதம் 600 நிமிடங்கள் பேசுகின்றார். அதில் 200 நிமிடம் சொந்த வலையமைப்பு, 400 நிமிடம் ஏனைய வலையமைப்புகள். பகலில் 12 ஜிபி டேட்டா பாவிக்கின்றார்.

முதலாவது பெக்கேஜ்: 28 நாளுக்கு 1,200 ரூபா. சொந்த வலையமைப்புக்கு அளவில்லாமல் பேசலாம். ஏனைய வலையமைப்புகளுக்கு 100 நிமிடம். அதற்கு மேல் நிமிடத்துக்கு 3 ரூபா. டேட்டா பகலுக்கு 15 ஜிபி, இரவுக்கு 25 ஜிபி.

இரண்டாவது பெக்கேஜ்: 30 நாளுக்கு 1,850 ரூபா. எல்லா வலையமைப்புக்கும் சேர்த்து 750 நிமிடம். எந்நேரமும் 15 ஜிபி.

விளம்பரத்தைப் பார்த்தால் முதலாவதுதான் மலிவு. 650 ரூபா குறைவு, டேட்டாவும் 40 ஜிபி. இப்போது வருடக் கணக்கைப் பார்ப்போம்.

முதலாவது: 1,200 ரூபா வீதம் 13 தடவைகள் 15,600 ரூபா. ஏனைய வலையமைப்புகளுக்கு வருடத்தில் 4,800 நிமிடம் பேசுகின்றார். 13 தடவைகளில் கிடைப்பது 1,300 நிமிடம். மீதி 3,500 நிமிடத்துக்கு 3 ரூபா வீதம் 10,500 ரூபா. மொத்தம் 26,100 ரூபா.

இரண்டாவது: 1,850ஐ 30ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் சுமார் 22,500 ரூபா. மேலதிகக் கட்டணம் எதுவுமில்லை.

மலிவாகத் தெரிந்த பெக்கேஜ் வருடத்துக்கு 3,600 ரூபா கூடுதலாகச் செலவு வைக்கின்றது. கடையில் இப்படி நான்கு இணைப்புகள் இருந்தால் 14,400 ரூபா. நூற்றுக்கு நான்கு ரூபா தேறிய இலாபம் காணும் வியாபாரத்தில் 14,400 ரூபா சம்பாதிக்க 360,000 ரூபாவுக்குச் சரக்கு விற்க வேண்டும். தொலைபேசிக் கட்டணம் சின்ன விடயம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

ஆனால் அவசரப்பட்டு இரண்டாவது பெக்கேஜ்தான் சிறந்தது என்று முடிவெடுக்க வேண்டாம். பக்கத்துக் கடைக்காரரும் அதே 600 நிமிடம் பேசுகின்றார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய வழங்குனர்களும் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் அதே வலையமைப்பில் இருக்கின்றார்கள். 500 நிமிடம் உள்ளே, 100 நிமிடம் மாத்திரம் வெளியே. அவருக்கு முதலாவது பெக்கேஜ் வருடத்துக்கு 15,600 ரூபாவுடன் முடிந்துவிடும். அவர் உங்களைப் பார்த்து இரண்டாவதுக்கு மாறினால் சுமார் 6,900 ரூபா நட்டம்.

இன்றைய பாடத்தின் மையம் இதுதான். சிறந்த பெக்கேஜ் என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் பாவனைக்குச் சிறந்தது என்றுதான் உண்டு. "அந்த முதலாளி பாவிக்கிறார், நானும் போட்டேன்" என்பது கணக்கல்ல.

நான்காம் படி: சிக்னலைப் பரீட்சித்துப் பாருங்கள்

மலிவான வலையமைப்பு உங்கள் கடைக்குள் வேலை செய்யாவிட்டால் அது மலிவல்ல. மேலே கண்ட 14,400 ரூபாவைச் சேமித்துவிட்டு, அழைப்புக் கிடைக்காததால் வருடத்தில் 360,000 ரூபா ஓடர்களை இழந்தால், சேமித்தது முழுவதும் போய்விட்டது. அதற்கு மேலும் இழந்தால் நட்டம். ஓடர் கொடுக்க எடுத்தவர் இரண்டு தடவை முயற்சித்துவிட்டு அடுத்த கடைக்கு எடுப்பார். அவர் எடுத்த விடயமே உங்களுக்குத் தெரிய வராது. அந்த நட்டம் எந்தப் பில்லிலும் எழுதப்பட்டு வருவதில்லை.

ஆகவே மாறுவதற்கு முன்பு அந்தக் கொம்பனியின் முற்கொடுப்பனவு சிம் ஒன்றை வாங்கி, இரட்டை சிம் போனில் இரண்டாவதாகப் போட்டுப் பத்து நாள் பாவித்துப் பாருங்கள். கீழ்க்காணும் இடங்களில் பரீட்சியுங்கள்.

கடையின் முன்பக்கம், பின்பக்கக் களஞ்சியம், மேல்மாடி. கொங்கிரீட் கட்டடங்கள் நெருங்கியிருக்கும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் வாசலில் இருக்கும் சிக்னல் உள்ளே இருக்காது.

காலை பத்து, பதினொரு மணி, மஃரிபுக்குப் பிந்திய நேரம். நெரிசலான நேரத்தில்தான் வலையமைப்பின் உண்மையான தரம் தெரியும். சிக்னல் கோடு முழுதாக இருந்தும் டேட்டா நகராமல் நிற்கலாம். கோட்டை மாத்திரம் பார்த்து ஏமாற வேண்டாம்.

உங்கள் வீடு. சரக்கு எடுத்துச் செல்லும் லொறியின் பாதை. வாரத்தில் ஒருநாள் போகும் ஊர். கொழும்பில் சிறப்பாக இயங்கும் வலையமைப்பு மூதூரிலோ பொத்துவிலிலோ அதே தரத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சேல்ஸ்மன்மார் எந்தெந்த ஊருக்குப் போகின்றார்களோ அங்குள்ள வாடிக்கையாளர்களிடம் எந்த வலையமைப்பு நன்றாக எடுபடுகின்றது என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு சிம் பாவிப்பதே பல சிறு வியாபாரிகளுக்கு நல்ல தீர்வாக அமையும். எல்லோருக்கும் தெரிந்த பழைய இலக்கத்தை, வரும் அழைப்புகளுக்காகக் குறைந்த செலவில் உயிரோடு வைத்துக் கொள்ளலாம். வெளியே பேசுவதற்கும் டேட்டாவுக்கும் எது மலிவோ அதனை இரண்டாவது சிம்மாகப் பாவிக்கலாம். முற்கொடுப்பனவு இணைப்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை ரீலோட் போடாவிட்டால் துண்டிக்கப்படும் என்பதைக் கேட்டு, திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: சில்லறைக் கசிவுகளை அடையுங்கள்

வாளியில் சிறு ஓட்டை இருந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. தொலைபேசியில் மூன்று ஓட்டைகள் வழமையாகக் காணப்படுகின்றன.

ஒன்று, நாளாந்தச் சேவைகள். ரிங் டோன், கிரிக்கெட் செய்தி, போட்டிக் கேள்வி என்று ஏதாவதொன்று, தெரிந்தோ தெரியாமலோ அழுத்திய ஒரு பட்டனால் பதிவாகியிருக்கும். சோதிடச் சேவைக்குக் கூட மாதாமாதம் காசு கட்டிக் கொண்டிருக்கும் முஸ்லிம் கடைக்காரர்கள் இருக்கலாம், அவர்களுக்கே தெரியாமல். நாளொன்றுக்கு 5 ரூபா என்றால் வருடத்துக்கு 1,825 ரூபா. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, "எனது இலக்கத்தில் என்னென்ன சேவைகள் பதிவாகியுள்ளன, எல்லாவற்றையும் நீக்குங்கள்" என்று கேளுங்கள்.

இரண்டு, கடன் ரீலோட். காசு முடிந்ததும் கொம்பனியிடமே கடனாக ரீலோட் பெற்று, அடுத்த ரீலோடில் கழித்துக் கொள்ளும் வசதி. இதற்கு ஒரு சேவைக் கட்டணமும் வெட்டப்படுகின்றது. 100 ரூபா கடனுக்கு 10 ரூபா வெட்டப்படுவதாகவும், மூன்று நாளில் அடைப்பதாகவும் வைத்துக் கொள்வோம். மூன்று நாளைக்கு நூற்றுக்குப் பத்து! இதனை ஒரு வட்டிக்கடைக்காரன் கேட்டால் நாம் ஏசிவிட்டு வந்துவிடுவோம். வாரத்தில் இரண்டு தடவை எடுத்தால் வருடத்தில் 1,040 ரூபா போகும். காசை விடவும் முக்கியமானது, கடன் கொடுத்ததற்காக மேலதிகமாகப் பெறப்படும் தொகை மார்க்கத்தில் என்ன நிலையில் வருகின்றது என்பது. சேவைக் கட்டணம் என்று பெயர் வைத்திருப்பதால் மாத்திரம் மனத்தைத் திருப்திப்படுத்திக் கொள்ளாமல், உங்கள் ஊர் ஆலிமிடம் விபரத்தைச் சொல்லித் தெளிவு பெறுங்கள். கையிருப்பு 100 ரூபாவுக்குக் குறையும் முன்பே ரீலோட் போடும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

மூன்று, தானாக இறங்கும் படங்கள். வட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோக்களும் படங்களும் நீங்கள் பார்க்காவிட்டாலும் டேட்டாவைத் தின்றுகொண்டே இருக்கும். அமைப்புகளுக்குச் சென்று, மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். டேட்டா போதவில்லை என்று பெரிய பெக்கேஜுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் இதனைச் செய்துவிட்டு ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஆறாம் படி: இலக்கம் யாருடைய பெயரில்?

ஒரு வியாபாரியின் தொலைபேசி இலக்கம் அவருடைய பெயர்ப்பலகைக்குச் சமம். பில் புத்தகத்திலும், பையிலும், நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் போன்களிலும் அது பதிந்திருக்கின்றது. வங்கி அனுப்பும் இரகசியக் குறியீடும் அதற்கே வருகின்றது. அதனைப் பாதுகாப்பதும் கட்டணக் கணக்கின் ஒரு பகுதியே.

கடை இலக்கம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியுள்ளது என்று இன்றே பாருங்கள். அவசரத்துக்குக் கடைப் பையனின் அடையாள அட்டையைக் கொடுத்து சிம் எடுப்பது நம்மிடையே சாதாரணம். பையன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அவன் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டால், சிம் பழுதானாலோ தொலைந்தாலோ அந்த இலக்கத்தை மீண்டும் எடுக்க உங்களால் முடியாது. சட்டப்படி அது அவனுடைய இலக்கம். முதலாளியின் பெயருக்கோ வியாபாரப் பதிவின் பெயருக்கோ இருவரும் சேர்ந்து போய் மாற்றிக் கொள்ளுங்கள்.

பழைய இலக்கத்தைக் கைவிடுவதாக இருந்தால், முதலில் வங்கிக் கணக்கு, வட்ஸ்அப், ஏனைய பதிவுகள் அனைத்தையும் புதிய இலக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். கைவிடப்பட்ட இலக்கத்தைக் கொம்பனி பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கலாம். இலக்கத்தை வைத்துக்கொண்டே கொம்பனி மாறும் வசதி இந்தியாவில் 2011இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. நமது நாட்டில் அது பல வருடங்கள் பேச்சளவிலேயே இழுபட்ட விடயம். மாற நினைக்கும் வேளையில் அந்த வசதியைப் பெற முடியுமா, கட்டணம் என்ன என்று முதற் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

பிற்கொடுப்பனவு இணைப்பைக் கடையின் பெயரில் எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. செலவுக்கு முறையான பில் கிடைக்கின்றது. வற் பதிவுள்ளவர்கள் வரிப் பட்டியலை உரிய முறையில் பெற்று, அதிலுள்ள வற் தொகையைக் கழித்துக் கொள்ளலாமா என்று தமது கணக்காளரிடம் கேட்கட்டும். ஊழியர்கள் நான்கைந்து பேர் இருந்தால், அவர்களுக்கிடையிலான அழைப்புகளை இலவசமாக்கும் வியாபாரக் குழு இணைப்பின் விலையையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும், கடன் எல்லை எவ்வளவு என்பவற்றை வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். "இலவச போன்" என்று தருவதன் விலை மாத வாடகைக்குள் இருக்கின்றது. தனியாக போன் வாங்கினால் என்ன விலை என்று பார்த்து, வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

சரக்கெடுக்கவும் உம்ராவுக்கும் போகின்றவர்களுக்கு

வெளிநாட்டில் நமது சிம்மைப் பாவிக்கும்போது வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். புறப்படும் முன்பு ரோமிங் டேட்டாவை மூடி வையுங்கள், அல்லது ரோமிங் பெக்கேஜ் ஒன்றைப் போட்டுக் கொள்ளுங்கள். இரண்டும் செய்யாமல் இறங்கி, போன் தானாக டேட்டா எடுத்து, பெரிய பில் வந்த பின்பு முறையிடுவதில் பயனில்லை.

உம்ராவுக்குப் போகின்றவர்கள் இரண்டு வாரம் தங்குவதாக இருந்தால் அங்கு உள்ளூர் சிம்மின் விலையையும் இங்குள்ள ரோமிங் பெக்கேஜின் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். குவாங்சூ, யீவூ போகின்ற வியாபாரிகளின் நிலை சற்று வேறு. சீனாவின் உள்ளூர் இணையத்தில் வட்ஸ்அப் வேலை செய்யாது. நமது சிம்மின் ரோமிங் டேட்டா பொதுவாக நமது நாட்டு வலையமைப்பு வழியாகச் செல்வதால் அதில் வட்ஸ்அப் இயங்கும். எனவே உள்ளூர் சிம் மலிவாக இருந்தாலும், கடையுடன் தொடர்பு வைக்க ரோமிங் பெக்கேஜ் அங்கு தேவைப்படலாம்.

கவுண்டருக்குப் போகும்போது

பின்வரும் ஏழு கேள்விகளையும் வெட்டியெடுத்துப் பையில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
2. எத்தனை நாளைக்கு?
3. ஏனைய வலையமைப்புகளுக்கு எத்தனை நிமிடம்? முடிந்தால் நிமிடத்துக்கு எவ்வளவு?
4. பகலில் பாவிக்கக்கூடிய டேட்டா எவ்வளவு? முடிந்தால் என்ன நடக்கும்?
5. மீதியானது அடுத்த மாதத்துக்குச் சேருமா?
6. ஒப்பந்தக் காலம் உண்டா? விலகினால் என்ன கட்ட வேண்டும்?
7. விலை மாறினால் எனக்கு எப்படி அறிவிப்பீர்கள்?

பில்லில் பிழை இருந்தால் முதலில் கொம்பனியிடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கு நியாயம் கிடைக்காவிட்டால் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அந்த இலக்கத்துடன் முறையிடலாம். ஆதாரத்தோடு போகின்றவரின் முறைப்பாட்டுக்கே பலம் உண்டு.

பெக்கேஜ்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இந்தக் கணக்கை ஒருமுறை செய்து விட்டுவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். ஸகாத்துக்காகக் கடைக் கணக்கைப் பார்க்கும் நாட்களில் இதற்கும் அரை மணித்தியாலம் ஒதுக்கினால் மறந்து போகாது. மிச்சமாகும் தொகை பெரிதாக இல்லாவிட்டாலும், அது நீங்கள் உழைத்த ஹலாலான சல்லி. எங்கே போகின்றது என்று தெரிந்து செலவழிப்போம். வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய தொழிலிலும் பரக்கத் செய்வானாக.